ஹவுஸ் ஓனர் ரிப்பேர் பண்ணாம இழுத்தடிக்கிறாரா? சென்னைல புதுசா வாடகைக்கு வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை ஆரம்பிச்சு மூணாவது நாள். மடிப்பாக்கத்துல மொட்டமாடிக்கு நேர் கீழ இருக்குற போர்ஷன்ல குடியிருந்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கு பையன் தண்ணி கேட்டான்னு எழுந்து லைட் போடப் போனா, சுவிட்ச்போர்டுக்கு மேல செவுத்துல இருந்து கோடு மாதிரி தண்ணி எறங்கி நேரா சுவிட்சுக்குள்ள போயிட்டிருக்கு. கை வெக்கல. செருப்பைப் போட்டுக்கிட்டு டெஸ்டர எடுத்து ஈரச் செவுத்துல வெச்சுப் பாத்தேன், அதுக்குள்ள இருக்குற சின்ன பல்பு மினுக்குன்னு எரிஞ்சுது. செவுத்துலயே கரண்டு. மெயின ஆஃப் பண்ணிட்டு விடியுற வரைக்கும் பையன மடில போட்டுக்கிட்டு ஹால் நடுவுல உக்காந்திருந்தோம்.

இத்தனைக்கும் ஆடி மாசத்துல இருந்தே ஓனர்கிட்ட சொல்லிட்டுதான் இருந்தேன். மழை பெஞ்சா "மழை நிக்கட்டும்ப்பா, ஈரத்துல வேலை பண்ணா நிக்காது"ன்னுவாரு, மழை நின்னா "இப்பதான் ஒழுகலையே தம்பி"ன்னுவாரு. கெட்ட மனுஷன் கெடையாது, ஆனா வேலை நடக்கல. நானும் எல்லாத்தயும் போன்லயும் மாடிப்படிலயும் வாயாலயே சொல்லியிருந்தேன், ஒரு தடவை கூட எழுதிக் குடுக்கல. அந்தத் தப்ப நீங்க பண்ணக் கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

சென்னைக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதுசா வர்றவங்க நெறைய பேர் நெனைக்கறது என்னன்னா, வீடு அவரோடது, பிடிக்கலன்னா நாம காலி பண்ண வேண்டியதுதான், வேற வழி இல்லன்னு. அப்படி இல்லங்க. 1960-ல போட்ட பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்த எடுத்துட்டு தமிழ்நாட்டுல 2017-ல ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்தாங்க, 2019 பிப்ரவரி 22-ல இருந்து அது அமல்ல இருக்கு. சட்ட எண் 42/2017, ஓனருக்கு என்ன உரிமை, குடியிருக்கறவங்களுக்கு என்ன உரிமைன்னு ரெண்டயும் சொல்ற சட்டம். அதுல 15-வது பிரிவு முழுக்க ரிப்பேர் பத்திதான். அந்த ஒரு பிரிவ மட்டும் புரிஞ்சுக்கிட்டாக் கூட போதும், பாதி பயம் போயிடும். ஹோட்டல், லாட்ஜ் மாதிரி இடத்துல தங்கியிருந்தா இந்தச் சட்டம் வராது, கம்பெனி குவார்ட்டர்ஸுக்கும் கவர்மென்ட் வீட்டுக்கும் வராது. சாதாரணமா ஒருத்தர் வீட்ட வாடகைக்கு எடுத்திருக்கீங்கன்னா உங்களுக்கு இது உண்டு.

சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி

வேலை இங்கயே ஆரம்பிக்குது. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள ஒரு அரைமணி நேரம் தனியா நில்லுங்க. புரோக்கர் அவசரப்படுத்துவாரு, "இன்னொரு பார்ட்டி வெயிட்டிங் சார்"னு சொல்லுவாரு, சொல்லட்டும். சீலிங்ல மஞ்சளா வட்டம் வட்டமா கறை இருக்கா, புதுசா பெயின்ட் அடிச்ச செவுத்துல கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கா, பாத்ரூம் செவுத்துக்குப் பின்பக்கம் இருக்குற ரூம்ல தரைல இருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கா, சன்ஷேடுல காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடிச்ச கம்பி தெரியுதான்னு பாருங்க. எல்லா பைப்பையும் ஒரே நேரத்துல தொறந்து விடுங்க, பிளஷ் பண்ணிப் பாருங்க, தண்ணி எவ்ளோ நேரத்துல எறங்குதுன்னு கவனிங்க. கரண்டு பாக்ஸ்ல ஆர்சிசிபி, அதாவது கரண்டு கசிஞ்சா தானா லைன கட் பண்ற ஸ்விட்ச், இருக்கான்னு கேளுங்க, டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குனா டக்குன்னு ட்ரிப் ஆகணும். ஆகலன்னா அது வேலை செய்யல.

சாவி கைல வாங்குன அன்னிக்கே வீடு காலியா இருக்கும்போது வாசல்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ரூமா வீடியோ எடுங்க, ஒடஞ்ச டைல்ஸ், லூசான தாழ்ப்பாள் எல்லாத்தயும் கிட்ட போய்க் காட்டுங்க. எடுத்துட்டு போன்லயே வெச்சுக்காம ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, "சார், இன்னிக்கு வீடு வாங்கறப்போ நெலமை இது"ன்னு ஒரே ஒரு வரி போதும். நாளைக்கு அவர் "இத நீதான் ஒடச்ச"ன்னு சொன்னாலும் இந்த வீடியோதான் பேசும்.

அடுத்தது அக்ரிமென்ட். இதுல ரொம்பப் பேர் கொழம்பிக்கறாங்க. 11 மாசத்துக்குப் போட்டா ரிஜிஸ்டர் பண்ண வேணாம்னு ஒரு பேச்சு காலங்காலமா இருக்கு. அது சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் கணக்கு, ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகைக்குத்தான் அங்க பதிவு கட்டாயம்னு பதிவுச் சட்டத்துல இருக்கறதால வந்த வழக்கம். புது வாடகைச் சட்டம் சொல்றது வேற. எத்தனை மாசமா இருந்தாலும் அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், அத ரெண்ட் அதாரிட்டிகிட்ட, அதாவது இந்தச் சட்டப்படி வாடகை விஷயத்தப் பாக்கற அரசு அதிகாரிகிட்ட, பதிவு பண்ணணும். இதுக்குன்னு அரசு ஒரு வெப்சைட்டே வெச்சிருக்கு, டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன். பதிவாச்சுன்னா ஒரு நம்பர் குடுப்பாங்க. எழுத்துல அக்ரிமென்ட் போடவே இல்லங்கறதையே காரணமாக் காட்டி ஓனர் உங்கள காலி பண்ணச் சொல்லி ரெண்ட் கோர்ட்டுக்கு, அதாவது வாடகை வழக்க விசாரிக்கற கோர்ட்டுக்கு, போக சட்டத்துல இடம் இருக்கு. அதனால "எதுக்குத் தம்பி பேப்பர் எல்லாம், நமக்குள்ள என்ன"ன்னு பாசமா சொன்னாலும் நீங்க பாசமாவே "இல்ல சார், ஆபீஸ்ல கேக்கறாங்க"ன்னு சொல்லிப் போட்டுடுங்க.

அட்வான்ஸ பத்தி ஒரு வார்த்தை. மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, ஆனா அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஒத்துக்கிட்டா அது செல்லும்னும் அதுலயே இருக்கு. சென்னைல பத்து மாச அட்வான்ஸ் பழக்கம் இன்னும் போகாததுக்கு இதுவும் ஒரு காரணம். பேரம் பேசறப்போ "சட்டப்படி மூணு மாசம்தான் சார்"னு சொல்லிப் பாருங்க, கொஞ்சமாவது எறங்கி வருவாங்க.

எது அவர் வேலை, எது நம்ம வேலை

ரிப்பேர் வந்துச்சுன்னா ஓனர்கிட்ட போறதுக்கு முன்னாடி இத தெளிவா தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா முதல் பேச்சுலயே தோத்துடுவோம். சட்டத்தோட கடைசில ரெண்டாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அதுல பிரிச்சே குடுத்திருக்காங்க.

கட்டடம் சம்பந்தப்பட்டது எல்லாம் ஓனர் தலைல. தளம் ஒழுகறது, செவுரு வெடிப்பு, காங்கிரீட் பெயர்றது, வெள்ளை அடிக்கறது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணிக் குழாய் லைன் மாத்தறது, உள்ளயும் வெளியவும் இருக்குற கரண்டு வயரிங். நாம ஏதாவது இடிச்சு ஒடச்சிருந்தா அந்தச் சேதம் மட்டும் நம்ம மேல வரும்.

சின்னச் சின்ன வேலை எல்லாம் நம்மளோடது. பைப்ல வாஷர் போச்சு, டேப் மாத்தணும், சாக்கடை வாய் அடைச்சுக்கிச்சு, கழிப்பறைல இல்ல வாஷ்பேசின்ல ரிப்பேர், கீசர் ரிப்பேர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, இது எல்லாம் குடியிருக்கறவங்க பாத்துக்கணும்னு போட்டிருக்கு. அதனால டேப் சொட்டுதுன்னு ஓனருக்கு பத்து தடவை போன் பண்ணி நல்ல பேர கெடுத்துக்காதீங்க. நாப்பது அம்பது ரூபா வாஷர், நீங்களே போட்டுடுங்க. பெரிய வேலைக்கு அவர்கிட்ட போய் நிக்கறப்போ "நான் என் வேலைய பாத்துக்கறேன் சார், இது உங்க வேலை"ன்னு சொல்றதுக்கு அப்பதான் வாய் வரும். அக்ரிமென்ட்ல இதப் பத்தி தனியா ஏதாவது எழுதியிருக்கான்னும் ஒரு தடவை படிச்சுப் பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, பிளாட்டா இருந்தா மொட்டமாடி எல்லாருக்கும் பொது. ஓனர் "அது அசோசியேஷன் பாக்கணும்"ன்னு கைய விரிப்பாரு. அசோசியேஷன்ல மெம்பர் அவர்தான், நாம இல்ல. அவங்கள பிடிச்சு வேலை வாங்க வேண்டியது அவரோட பொறுப்புன்னு மரியாதையா, ஆனா உறுதியா சொல்லுங்க.

ஒழுகல் எங்க இருந்து வருதுன்னு முதல்ல பாருங்க

"ஒழுகுது சார்"னு மட்டும் சொன்னா "பாக்கலாம்"ங்கற பதில்தான் வரும். எங்க இருந்து வருதுன்னு சொன்னா பதில் மாறும். மழை பெஞ்சா மட்டும்தான் வருதுன்னா தளமோ வெளிச்செவுத்து வெடிப்போ காரணம். வெயில் காலத்துலயும் ஈரம் காயவே இல்லன்னா மேல் வீட்டு பாத்ரூமோ செவுத்துக்குள்ள போற குழாயோதான். சந்தேகமா இருந்தா ராத்திரி எல்லா டேப்பையும் மூடிட்டு டேங்க்ல தண்ணி எந்த அளவுல நிக்குதுன்னு சாக்பீஸால கோடு போட்டு வெச்சு காலைல பாருங்க. வேற யாரும் அந்த டேங்க்ல இருந்து எடுக்காம அளவு எறங்கியிருந்தா எங்கயோ லைன்ல ஓட்டை.

அதுக்கும் முன்னாடி ஒரு தடவை மொட்டமாடிக்குப் போய் மழைத் தண்ணி எறங்குற குழாயோட வாய பாருங்க. நான் பாத்த வரைக்கும் பல வீட்டுல வேப்பிலைச் சருகும் பழைய பால் கவரும் சேந்து அந்த வாய அடைச்சுக்கிட்டு, தளம் முழுக்க குளம் மாதிரி தண்ணி நின்னு, அதுதான் மெதுவா கீழ எறங்கும். அத அள்ளிப் போட்டாலே பாதிப் பிரச்சனை போயிடும், ஒரு பைசா செலவில்ல.

கரண்டு விஷயமா இருந்தா ஆராய்ச்சி எதுவும் நீங்க பண்ண வேணாம். ஈரச் செவுத்துல ஷாக் அடிக்குது, பைப்ப தொட்டா சுர்ருங்குதுன்னா மெயின ஆஃப் பண்ணிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க. மீட்டர் பக்கமோ சர்வீஸ் வயர்லயோ பிரச்சனைன்னா மின்வாரியத்தோட மின்னகம் நம்பர் 94987 94987, எந்த நேரமும் எடுப்பாங்க. தண்ணி எறங்குற சுவிட்ச்போர்டு பக்கத்துல குழந்தைங்கள விடவே விடாதீங்க. இதுக்கெல்லாம் ஓனர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேணாம், உயிர் முக்கியம், கணக்கு அப்புறம் பேசிக்கலாம்.

வாய்ப்பேச்சு போதும், இனி எழுத்து

போன்ல பேசுங்க, நேர்லயும் போய்ப் பேசுங்க, அது மரியாதை. ஆனா பேசி முடிச்ச அஞ்சு நிமிஷத்துக்குள்ள வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போடுங்க: "சார் வணக்கம். இப்ப போன்ல சொன்ன மாதிரி ஹால் கிழக்குச் செவுத்துல தண்ணி எறங்குது, போட்டோ அனுப்பியிருக்கேன். ஞாயித்துக்கிழமை கொத்தனார அனுப்பறேன்னு சொன்னீங்க, நாங்க வீட்டுலதான் இருப்போம்." இதுல கோவம் இல்ல, மிரட்டல் இல்ல, ஆனா என்ன பிரச்சனை, எப்ப சொன்னோம், அவர் என்ன ஒத்துக்கிட்டாருன்னு மூணும் பதிவாயிடுச்சு. அவர் ஒரு கட்டைவிரல் போட்டாலும் போதும், பாத்துட்டாருன்னு அர்த்தம். போட்டோ எடுக்கறப்போ கிட்ட ஒண்ணு, தள்ளி ஒண்ணு எடுங்க, எந்த ரூம் எந்த செவுருன்னு தெரியணும்.

ரெண்டு தடவை இப்படி மெசேஜ் போட்டும் அசையலன்னா கடிதம். வக்கீல் வேணும்னு அவசியமே இல்ல, வெள்ளைத்தாள்ல நீங்களே எழுதலாம். நான் எழுதுனது கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்துச்சு, தேதிய மாத்தி நீங்களும் எழுதிக்கலாம்:

"ஐயா, தங்களுக்குச் சொந்தமான மேற்கண்ட முகவரியில் முதல் மாடியில் நான் குடும்பத்துடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். வாடகை பாக்கி எதுவும் இல்லை. கடந்த அக்டோபர் 14 முதல் மழை பெய்யும்போதெல்லாம் ஹாலின் கிழக்குச் சுவரில் தண்ணீர் இறங்கி சுவிட்ச்போர்டுக்குள் செல்கிறது. சுவரைத் தொட்டால் மின்சாரம் தாக்கும் நிலையில் உள்ளது. இது பற்றி அக்டோபர் 15, 22 ஆகிய தேதிகளில் தங்களுக்குத் தெரிவித்தேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தளத்தையும் வயரிங்கையும் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், தமிழ்நாடு சட்டம் 42/2017 பிரிவு 15-இன்படி நானே பழுதுபார்த்து, அந்தச் செலவை மாத வாடகையில் கழித்துக்கொள்வேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

அவ்ளோதான். "வாடகை பாக்கி எதுவும் இல்லை"ங்கற வரிய மட்டும் விட்டுடாதீங்க, நாளைக்கு யார் படிச்சாலும் முதல்ல அததான் தேடுவாங்க. ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, டெலிவரி ஆனதுக்கான ஆதாரத்த டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க. அதே கடிதத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்லயும் போடுங்க. கெடு எத்தனை நாள் குடுக்கணும்னு கேட்டா, தளம் மாதிரி வேலைக்கு 15 நாள், தண்ணியே வரலன்னா 3 நாள்னு நான் வெப்பேன். ஆள் கிடைக்கணும், மழை விடணும், அவருக்கும் நியாயமான நேரம் வேணும்ல.

கடிதம் குடுத்தா உறவு கெட்டுடும்னு என் வீட்டுக்காரம்மா ரொம்ப பயந்தாங்க. நான் போஸ்ட்ல போடறதுக்கு முந்தின நாள் சாயந்தரம் நேர்ல போனேன். "சார், நாளைக்கு ஒரு லெட்டர் வரும், கோவிச்சுக்காதீங்க, குழந்தை இருக்குற வீடு, எனக்கு வேற வழி தெரியல"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் "எவ்ளோ ஆகும்ப்பா?"ன்னு கேட்டாரு. அத்தனை மாசத்துல அவர் அந்தக் கேள்விய கேட்டது அதுதான் முதல் தடவை.

கெடு முடிஞ்சும் ஒண்ணும் நடக்கலன்னா

இப்பதான் 15-வது பிரிவோட முக்கியமான எடம். ஓனர் தன் பொறுப்புல இருக்குற ரிப்பேர பண்ண மறுத்தா, குடியிருக்கறவங்களே பண்ணிட்டு செலவ வாடகைல கழிச்சுக்கலாம். ஆனா எந்த ஒரு மாசத்துலயும் வாடகைல பாதிக்கு மேல கழிக்கக் கூடாது. உதாரணத்துக்கு வாடகை 14,000, ரிப்பேர் 18,500 ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. முதல் மாசம் 7,000 கழிச்சு 7,000 குடுக்கறீங்க, ரெண்டாவது மாசமும் அதே மாதிரி, மூணாவது மாசம் மிச்சம் 4,500 கழிச்சு 9,500 குடுக்கறீங்க. கணக்கு முடிஞ்சுது.

இத பண்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர்கிட்ட எஸ்டிமேட் எழுதி வாங்குங்க, தாள்ல கடை பேரு, தேதி, வேலை விவரம் இருக்கணும். அத ஓனருக்கு அனுப்பி "சார், இதுல எது உங்களுக்கு சரின்னு சொல்லுங்க, இல்ல உங்க ஆள் யாராவது இருந்தா அனுப்புங்க, புதன்கிழமை வரைக்கும் பாக்கறேன்"னு கேளுங்க. பல ஓனர்ங்க இந்த எடத்துல தானே ஆள் அனுப்பிடுவாங்க, ஏன்னா நம்ம ஆள் சொல்ற ரேட்டு அவங்களுக்குப் பொறுக்காது. அது நமக்கு நல்லதுதான். அப்பவும் அசையலன்னா எதுக்கு கடிதம் குடுத்தோமோ அந்த வேலைய மட்டும் பண்ணுங்க. ஒழுகல் வேலையோட சேத்து சமையல்கட்டுக்கு புது டைல்ஸ் போட்டுட்டு அதயும் கழிச்சா நம்ம பக்கம் இருக்குற நியாயமே போயிடும். வேலைக்கு முன்னாடி, நடக்கறப்போ, முடிஞ்சப்புறம் போட்டோ எடுங்க, பணத்த கைல குடுக்காம அக்கவுன்ட் வழியா குடுங்க, பில் வாங்குங்க. அந்த மாச வாடகை அனுப்பறப்போ "வாடகை 14,000, ரிப்பேர் கழிவு 7,000, அனுப்பினது 7,000"ன்னு ஒரு மெசேஜ், கூடவே பில்.

தளத்த இடிச்சுப் போடுற மாதிரி, லட்சக் கணக்குல போற வேலைன்னா நீங்க கைய வெக்காதீங்க. அது அவரோட கட்டடம், ஏதாவது ஆச்சுன்னா பழி நம்ம மேல வரும். அதுக்கு ரெண்ட் அதாரிட்டிகிட்ட மனு குடுக்கறதுதான் சரி. டெபுடி கலெக்டர் ரேங்குக்குக் கொறையாத ஒரு ஆபீசர் அந்தப் பொறுப்புல இருப்பாரு. உங்க ஏரியாவுக்கு எந்த ஆபீஸ்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா சொல்லிடுவாங்க. அக்ரிமென்ட், வாடகை கட்டுன ஆதாரம், கடிதத்தோட காப்பி, போட்டோ எல்லாத்தயும் தேதி வாரியா அடுக்கி ஒரு ஃபைலா கொண்டு போங்க.

தயவுசெஞ்சு பண்ணக் கூடாதது ஒண்ணு இருக்கு. கோவத்துல வாடகைய முழுசா நிறுத்தாதீங்க. "ரிப்பேர் பண்ற வரைக்கும் ஒரு பைசா தர மாட்டேன்"னு சொல்றது கேக்க நல்லா இருக்கும், ஆனா ரெண்டு மாச வாடகை பாக்கி விழுந்து, அவர் நோட்டீஸ் குடுத்து, அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள நீங்க வட்டியோட கட்டலன்னா, உங்கள காலி பண்ணச் சொல்லி ரெண்ட் கோர்ட்ல கேக்கறதுக்கு அவருக்கு நேரான காரணம் கிடைச்சுடும். ஒழுகுன வீடுங்கறது பின்னாடி போயி, வாடகை குடுக்காத ஆளுங்கறது முன்னாடி வந்து நிக்கும். என்கூட வேலை பாத்த ஒருத்தருக்கு இதேதான் நடந்துச்சு, நியாயம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்துச்சு, ஆனா கைல ஒரு ரசீது கூட இல்ல. சில ஓனர்ங்க வேணும்னே வாடகைய வாங்க மறுப்பாங்க, பாக்கி விழட்டும்னு. அப்ப பேங்க் வழியாவோ மணியார்டர்லயோ அனுப்பிக்கிட்டே இருங்க, தொடர்ந்து ரெண்டு மாசம் வாங்கலன்னா ரெண்ட் அதாரிட்டிகிட்ட டெபாசிட் பண்ண சட்டத்துல வழி இருக்கு.

குடியிருக்கவே முடியாத நெலமைன்னா

சீலிங் பூச்சு பெயர்ந்து விழுது, ஷாக் அடிக்குது, கழிவுத் தண்ணி வீட்டுக்குள்ள ஏறுது, ரிப்பேர் பண்ணச் சொல்லி எழுத்துல கேட்டும் அவர் பண்ணல. அப்ப 15 நாள் நோட்டீஸ் எழுத்துல குடுத்துட்டு வீட்ட விட்டுப் போறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. அக்ரிமென்ட்ல மூணு மாச நோட்டீஸ்னு இருந்தா, அதக் காட்டி அட்வான்ஸ்ல பிடிச்சுக்கப் பாப்பாங்க. வீடு குடியிருக்க லாயக்கில்லாம போனதுதான் காரணம்னு நோட்டீஸ்ல தெளிவா எழுதிடுங்க, போட்டோவும் முன்ன குடுத்த கடிதத்தோட காப்பியும் சேத்துக் குடுங்க.

"தண்ணிய நிறுத்திடுவேன், காலி பண்ணு"

கடிதம் கண்டதும் சிலருக்குக் கோவம் வரும். மோட்டார் போட மாட்டாங்க, படிக்கட்டு லைட்ட கழட்டுவாங்க, பீஸ புடுங்குவாங்க. தண்ணி, கரண்டு, படிக்கட்டு வெளிச்சம், லிஃப்ட், துப்புரவு எல்லாம் அத்தியாவசிய சேவை, அத நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் நேராவே சொல்லுது. ரெண்ட் அதாரிட்டிகிட்ட மனு குடுத்தா விசாரணை முடியறதுக்கு முன்னாடியே உடனே திருப்பிக் குடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. என்னிக்கு எத்தனை மணிக்கு தண்ணி நின்னுச்சுன்னு ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டே வாங்க, பக்கத்து போர்ஷன்காரங்களுக்கும் நின்னிருந்தா அவங்களயும் சேத்துக்கோங்க.

"நாளைக்கே காலி பண்ணு"ன்னா அப்படி யாரும் வாய் வார்த்தைல காலி பண்ண வெக்க முடியாது, ரெண்ட் கோர்ட் உத்தரவு வேணும். பூட்ட மாத்தறது, சாமான வெளிய எடுத்து வெக்கறதுன்னு போனாங்கன்னா கைகலப்புல எறங்காதீங்க, வீடியோ எடுங்க, போலீஸ கூப்பிடுங்க. வீட்டப் பாக்க ஓனர் வர்றதுக்கும் 24 மணி நேரத்துக்கு முன்னாடி எழுத்துல சொல்லிட்டுத்தான் வரணும். தனியா தங்கியிருக்குற பொண்ணுங்க இத கட்டாயம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. டூப்ளிகேட் சாவி வெச்சு நீங்க இல்லாத நேரத்துல உள்ள வர்றது சரி இல்லன்னு முதல் தடவையே மெசேஜ்ல எழுதிக் கேளுங்க, பொறுத்துப் போகாதீங்க.

வக்கீலுக்குக் காசு இல்லையேன்னு நிறுத்திடாதீங்க. ஒவ்வொரு மாவட்டத்துலயும் கோர்ட்ட ஒட்டி சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, போன் நம்பர் 15100. பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிங்க இவங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காமலே இலவச உதவி உண்டு. மத்தவங்களுக்கு வருமான வரம்புக்குள்ள இருந்தா உண்டு.

எங்க வீட்டுல கடைசில என்னாச்சுன்னா, லெட்டர் போய்ச் சேந்த ஒம்போதாவது நாள் ஓனரே கொத்தனாரோட மாடி ஏறி வந்தாரு. பழைய சதுர ஓட்டுக்கு நடுவுல இருந்த சாந்து எல்லாம் கரைஞ்சு, விரல விட்டா உள்ள போச்சு. கைப்பிடிச் செவுரும் தளமும் சேர்ற மூலைல நீளமா ஒரு வெடிப்பு, அதுல ஒரு அரசங்கன்னு முளைச்சிருந்துச்சு. அத புடுங்குனப்போ வேர் ஒரு முழம் நீளத்துக்கு வந்துச்சு, ஓனர் அதயே பாத்துக்கிட்டு நின்னாரு. தளம் ஒட்டி, வயரிங் மாத்தி, ஆர்சிசிபி போட்டுக் குடுத்தாரு. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு வருஷம் அதே வீட்டுல இருந்தோம், தீபாவளிக்கு பலகாரத் தட்டு ரெண்டு பக்கமும் போயிட்டு வந்துக்கிட்டுதான் இருந்துச்சு.

காலி பண்ணிட்டுப் போற அன்னிக்கும் முதல் நாள் எடுத்த மாதிரியே வாசல்ல இருந்து வீடியோ எடுங்க. கடைசி கரண்டு பில், மெயின்டனன்ஸ் எல்லாம் கட்டுன ரசீதோட சாவிய குடுத்துட்டு "சார், இன்னிக்கு சாவி குடுத்தாச்சு, அட்வான்ஸ் பாக்கி இவ்ளோ"ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. கழிக்க வேண்டியத கழிச்சுட்டு மிச்சத்த ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுக்கணும்ங்கறது அதே சட்டத்துல இருக்கு, அந்த ஒரு மாசம் நீங்க காலி பண்ண தேதில இருந்துதான் ஓடும்.